மொட்டைத் தலையும் கறுப்புக் காரும்

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு நாளாக இருக்கவில்லை. அண்ணன் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். டவுன் பஸ் அடிக்கடி வர ஆரம்பித்த பிறகு சவாரி குறைந்துபோயிற்று, குதிரைக்கும் வயதாகிவிட்டது. பழைய கார் ஒன்றை வாங்கி டாக்ஸி ஓட்டினால்தான் குடும்பம் பிழைக்கும் என்று முடிவு கட்டி, லைசென்ஸும் எடுத்துவிட்டார். கார் மட்டும் அமையவில்லை.

அமையாததற்குக் காரணம் நான்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தவனுக்குக் காரைப் பற்றியும் தெரியும் என்று அண்ணன் நம்பினார். எனக்கோ அதை ஓட்டக்கூடத் தெரியாது. அவர் நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் லைப்ரரியில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையைத் தேடிப் படித்தேன். கதவிடுக்கு மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா, ஜன்னல் ரப்பரில் புதுப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா, நேராக ஓட்டினால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அடிபட்ட காரைக் கண்டுபிடிக்க என்னிடம் இருந்த வித்தை அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு தென்னூர், பாலக்கரை, பொன்மலை என்று அலைந்தோம். எல்லாக் காரும் எங்கேயோ இடித்திருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் அண்ணி ஒரு பையில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்துக் கொடுப்பார். அட்வான்ஸைத் தாம்பூலத்தோடு கொடுக்க வேண்டும், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கித்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பை அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு உறையூரில் ஒரு நெல் வியாபாரி வீடு. வாசலில் கறுப்புக் கார் பளபளவென்று நின்றது. வியாபாரி வெளியே வந்தார். புதிதாக மொட்டை அடித்து, தலை முழுக்கச் சந்தனம். அதைப் பார்த்ததுமே அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"சாமிக்கு மொட்டை போட்டுட்டு வந்திருக்காருடா. இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார்" என்றார் என் காதோடு.

நான் வழக்கம்போலக் குனிந்தேன், மண்டியிட்டேன், ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினேன். இடுக்கு சரியாகத்தான் இருந்தது. ரப்பரும் சுத்தம்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க தம்பி" என்றார் வியாபாரி. "ஒரு கீறல் விழாத வண்டி. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கித் தெருவில் ஊற்றி, அண்ணனை அதன்மேல் நேராக ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு பக்கமும் ஒரே தடமாக இல்லாமல் இரட்டையாகத் தெரிந்தது. பின்சக்கரம் ஒருபக்கமாக விலகி வந்ததுபோல் இருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்றும் தோன்றியது.

"தெருவே கோணல் தம்பி. அதுக்கு வண்டி என்ன பண்ணும்?" என்றார் வியாபாரி.

அண்ணன் சிரித்தார். பையிலிருந்து வெற்றிலையை எடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். வெயில் ஏறியிருந்தது. இனி வாதாடத் தெம்பில்லை என்று வாசற்படியில் உட்கார்ந்தேன். வியாபாரியே உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். சும்மா இருக்கக் கூடாதே என்றுதான் கேட்டேன்.

"மொட்டை சமயபுரத்துலயாங்க?"

"ஆமா தம்பி. போன செவ்வாக்கிழமை."

"என்ன வேண்டுதலுங்க?"

அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். காரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். காலையிலிருந்து நிற்காத பேச்சு நின்றுபோயிற்று.

"ஆத்தா விஷயத்துல பொய் சொல்ல வாய் வரல" என்றார் கடைசியில். "கொள்ளிடம் தாண்டி, லாரிக்கு ஒதுங்கப்போயி வண்டி வயல்ல உருண்டிடுச்சு. என் மக, மருமகன், பேரப்புள்ள, மூணு பேரும் உள்ள. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்குத்தான் இந்த மொட்டை."

அண்ணன் கையில் வெற்றிலை அப்படியே இருந்தது. "அப்ப இது ராசியான வண்டிதானேங்க. அம்மன் காப்பாத்துன வண்டி" என்றார். என்னைப் பார்த்து, "என்னடா சொல்ற?" என்று கேட்டார்.

அந்த முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்வது எளிதல்ல. அவருக்கும் அலைந்து அலுத்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அம்மன் உள்ள இருந்தவங்களைக் காப்பாத்திச்சு அண்ணே. வண்டியை விட்டுடுச்சே. நாளைக்கு இதுல ஊர் ஜனங்களை ஏத்தப்போறீங்க."

அண்ணன் வெற்றிலையை மறுபடி பையில் வைத்தார். தப்பாக நினைக்க வேண்டாம் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. காவிரிப் பாலம் வந்தது. காற்றுப்பட்டதும் அண்ணன், "பொய் சொல்ல மாட்டார்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

"சொன்னீங்க."

வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தார். பையின் கனத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அண்ணன் கொட்டிலுக்குப் போய், வாழைப்பழத்தை ஒவ்வொன்றாக உரித்துக் குதிரைக்குக் கொடுத்தார். எங்கள் தலையைப் பார்த்ததுமே அது கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பழகிவிட்டிருந்தது.