திருச்சிக்குப் போட்ட வழிக்கணக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கணிதத்தில் பட்டம் வாங்கி, ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போயிருந்தேன். அப்பா அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில்களுக்கு பிரேக் பார்ப்பவர். பட்டறையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் சரக்கு இருப்பையும் சம்பளப் பட்டியலையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

முதலாளிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். விமானம் ஓட்டுவதற்கு முறைப்படி உரிமம் வாங்கியிருந்தார். ஓய்வு கிடைத்தால் மீனம்பாக்கத்துக்குப் போய், நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு வருவார்.

ஒரு நாள் என் மேசைக்கு எதிரில் வரைபடத்தை விரித்து, ஸ்கேலும் கோணமானியும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எந்தத் திசையில் போக வேண்டும், காற்று எவ்வளவு தள்ளும், எத்தனை நிமிடம் ஆகும், பெட்ரோல் எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டார்.

"இதெல்லாம் உன் பெட்டி போடுமா?" என்று கேட்டார்.

"போடும் சார். எனக்கு ஒரு மாசம் குடுங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. சம்பள வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து அதற்கான நிரலை எழுதினேன். ஊர்களில் நிறுத்தியிருக்கும் ரேடியோ கம்பங்களின் பட்டியலை முதலாளி பிரதி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு கம்பமும் ஓயாமல் அலை அனுப்பும். விமானத்தில் உள்ள கருவியை அந்த அலைவரிசைக்குத் திருப்பி வைத்தால், அதிலுள்ள முள், கம்பம் இருக்கும் பக்கத்தைக் காட்டும். அந்த ஊரின் அடையாளமாக இரண்டு மூன்று எழுத்துகள் தந்தி ஒலியில் காதில் கேட்கும். கம்பங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் நான்தான் தட்டி ஏற்றினேன். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் காற்றையும் சொன்னால், பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளும்.

முதல் தாள் திருச்சிக்கு. அதை மடித்து எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வந்து என் மேசையில் விரித்தார். கடைசி வரியில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

"உன் தாள் சொன்ன இடத்துல வயக்காடுதான் இருந்தது. முள் இடது பக்கம் காட்டுச்சு. முள்ளு சொன்ன மாதிரி போனேன், திருச்சி வந்துடுச்சு."

தேடிப் பார்த்தேன். தீர்க்கரேகையில் நாற்பத்து மூன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்து நான்கு என்று தட்டியிருந்தேன். ஊரையே ஒன்பது மைல் மேற்கே தள்ளி வைத்திருக்கிறேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"விடும்மா. எனக்கொண்ணும் ஆகல. ஆனா ஒண்ணு, ரெண்டும் வேற வேறயா சொன்னா இனிமே நான் முள்ளைத்தான் நம்புவேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தினேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் ஒரு தாளும் தவறவில்லை. ஒரு முறை என்னையும் அழைத்துப் போனார். செம்பரம்பாக்கம் ஏரி கீழே தகடு போலக் கிடந்தது. முள் மெல்ல நகர்ந்து நிலைத்ததைப் பார்த்தேன். தாளைக் கேட்டு வாங்கி நேரத்தைச் சரிபார்த்தேன். அரை நிமிடம்தான் வித்தியாசம். அவரிடம் சொன்னேன். தலையசைத்தார். கண் முள்ளை விட்டு நகரவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, திருச்சியில் ஓர் ஆலைக்கு நாங்கள் அனுப்பியிருந்த வால்வுகள் ஒழுகுவதாகத் தகவல் வந்தது. அன்றே போய்ப் பார்க்க வேண்டும். முதலாளி ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் போவதாகச் சொன்னார். ஃபோர்மேன் பூந்தமல்லிக்காரர். பட்டறையில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். காலை பத்து மணிக்குத் தாளை எடுத்துக் கொடுத்தேன். வானம் அப்போது தெளிவாகத்தான் இருந்தது.

மாலை நான்கு மணிக்குத் தொலைபேசி வந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் விமானம் விழுந்துவிட்டது. முதலாளி அங்கேயே இறந்துவிட்டார். பாய்க்கு இடுப்பும் காலும் முறிந்திருந்தன. கள்ளக்குறிச்சி என்றதும் நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நான் போட்டுக் கொடுத்த பாதை அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு மாதம் கழித்து பாயைப் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போனேன். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"உளுந்தூர்பேட்டை வரிக்கும் நல்லாத்தான் போய்க்கினு இருந்தோம்மா. அப்பால வலது பக்கம் ஒரே கருப்பு. மலை மேல மின்னிக்கினு கீது. அந்த முள்ளு இருக்குதே, அது அந்தப் பக்கமா திரும்பிச்சு."

"சார் என்ன சொன்னாரு பாய்?"

"உன் பேப்பரை எடுத்துப் பாத்தாரு. பேப்பரு நேரா போன்னு கீது, முள்ளு வலது பக்கம் கூப்புடுதுன்னாரு. நான் சொன்னேன், நைனா, பேப்பரையே பாத்துப் போயிடலாமேன்னு. இல்ல பாய், அந்தப் பொண்ணு மின்ன ஒரு தபா தப்பாப் போட்டுது, முள்ளு பொய் சொல்லாதுன்னாரு. திருப்பிட்டாரு."

"காதுல தந்திச் சத்தம் கேட்டுதா?"

"இன்னா கேட்டுது, கரகரன்னுதான் கேட்டுது. மழை நாள்ல ஊட்டு ரேடியோ கத்தும்ல, அதுமாதிரி."

டீ ஆறிப்போனது.

விபத்தை விசாரித்த அதிகாரி அடுத்த வாரம் பட்டறைக்கு வந்தார். நிரலையும் அன்றைய தாளின் நகலையும் வாங்கி, என் மேசையிலேயே உட்கார்ந்து கையால் போட்டுப் பார்த்தார். மின்னலும் அதே மாதிரி அலையைத்தான் வீசும், பக்கத்தில் இடிமேகம் இருந்தால் முள், கம்பத்தை விட்டுவிட்டு மேகத்தைக் காட்டும் என்று அவர்தான் சொன்னார். எனக்கு அது தெரியாது. முதலாளி படித்திருப்பார், படித்தது அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

"உங்க கணக்கு சரியாத்தான் இருக்கு. இதுபடி போயிருந்தா மேகத்துக்கு வெளியிலேயே போயிருப்பாரு. இதுக்கு முன்னாடி எப்பவாவது இந்தப் புரோகிராம் தப்பாச் சொன்னதுண்டா?"

"இல்ல சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா ஏதோ காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் எழுதி அந்த அதிகாரிக்குத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. பல மாதம் கழித்து வந்த அறிக்கையில் மோசமான வானிலை, விமானி எடுத்த முடிவு என்று மட்டும் இருந்தது. என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அறிக்கை வந்த பிறகுதான் முதலாளியின் மனைவியைப் பார்க்கப் போனேன். வாசலறையில் உட்காரவைத்தார். முப்பத்து நான்கையும் நாற்பத்து மூன்றையும் சொன்னேன். முதலாளி அன்று என்னிடம் என்ன சொன்னார், பாயிடம் என்ன சொன்னார், எல்லாம் சொன்னேன்.

"பாய் இதை என்கிட்ட சொல்லல" என்றார் அந்த அம்மா கடைசியில்.

"உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சும்மா."

"மழைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மழைமேல கோவப்பட முடியாது, அதனால ஒரு மாதிரி இருந்துட்டேன். இப்ப உன்னைப் பாத்தா கோவம் வருது. உன் மேல தப்பில்லைன்னும் தெரியுது. நீ ஏன் வந்தே?"

எழுந்து நின்றேன். போய்வருகிறேன் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் முற்றத்துக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் பட்டறை கைமாறியது. புதிதாக வந்தவர்கள் வேறு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பாய் தாங்கு கட்டையோடு ஒரு நாள் வந்து கணக்கை முடித்துக்கொண்டு போனார். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணித ஆசிரியை வேலை கிடைத்தது. பிள்ளைகளின் விடைத்தாளை இரண்டு முறை திருத்துவேன். கூட வேலை பார்த்தவர்கள் அதைக் கேலி செய்வார்கள். நான் அடுத்த தாளை எடுத்துக்கொள்வேன்.