லா மல்பேயில் பத்து நிமிடம்

எங்கள் வீட்டு நடையில், குசினிக்குத் திரும்பும் மூலையில், ஓர் ஆணியில் பைனாகுலர் ஒன்று தொங்குகிறது. கறுப்புத் தோல் வார். ஒரு கண்ணாடியின் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு பைனாகுலரால் எதைப் பார்க்கிறீர்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பார்ப்பதற்கு எதிர்வீட்டு இரும்புப் படிக்கட்டும் அதன் கைப்பிடியில் காயும் உடுப்புகளும்தான் உண்டு. நான் தேநீர் போடக் குசினிக்குள் எழுந்து போய்விடுவேன். அதைத் திமிங்கிலம் பார்க்க வாங்கினேன். எந்தப் பயணத்துக்காக வாங்கினேனோ அந்தப் பயணத்தில் அது உறையை விட்டு வெளியே வரவேயில்லை. அதற்குக் காரணம் மாமா. அவர் மேல் எனக்கிருந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தமையன். துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க லொறியில் இருந்த மனிதர் சனி ஞாயிறானால் தன் வான் வண்டியில் ஏறிவிடுவார். எங்களிடம் வாகனம் இல்லாதபடியால் எங்கே போவதென்றாலும் அவர்தான் கதி. நல்ல மனிதர். தாராளமான மனிதர். ஆனால் அவரோடு போய் ஒரு இடத்தை ஒழுங்காகப் பார்த்தவர் யாருமில்லை. வழியில் தமிழர் வீடு ஒன்று இருந்தால் அதைக் கடந்து போக அவரால் முடியாது. தெரிந்தவர் என்றில்லை, தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருந்தாலும் போதும். ஒட்டாவாவுக்குப் பூக்கள் பார்க்கப் போய், யாரோ ஒருவருடைய பிள்ளையின் பிறந்தநாளில் கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். நயாகராவுக்கென்று புறப்பட்டு ஸ்கார்பரோவில் நான்கு வீட்டுச் சோறு சாப்பிட்டோம், நீர்வீழ்ச்சிக்குப் போகப் பொழுது மிஞ்சவில்லை. இதெல்லாம் அப்போது எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது. சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

பகிடி நின்றது அம்மாவின் கண்ணால். அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கண்ணுக்குள் இரத்தக்குழாய்கள் உடைந்துகொண்டிருந்தன. இரண்டு முறை லேசர் வைத்தும் பெரிய பலன் இல்லை. மருத்துவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்து நான்தான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். பார்வை இன்னும் மிஞ்சினால் ஒரு வருடந்தான் என்பதையும் நானே சொன்னேன். அம்மா அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எழுத்து மட்டுமோ பிள்ளை, முகமும் தெரியாமல் போகுமோ?"

எல்லாம்தான் என்றேன். அன்று வீடு திரும்பும்போது பார்க் மெட்ரோ நிலையத்தில் ஒரு விளம்பரப் படத்தின் முன்னால் அம்மா நின்றுவிட்டார். ஷார்லவுவா பக்கம், சென்லோரன்ஸ் ஆறு கடலாக அகலும் இடத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு திமிங்கிலத்தின் வால். பன்னிரண்டு வருடமாக அம்மா அந்த வழியால்தான் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஜன்னலே இல்லாத ஒரு தொழிற்சாலைக்குப் பெட்டி அடுக்கப் போய் வந்தார். இது உண்மையாகவே இங்கே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும், கண் இருக்கும்போது ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றார். அம்மா எனக்குத் தெரிய எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. அடுத்த நாளே பைனாகுலர் வாங்கினேன், படகில் நான்கு இடம் பதிவு செய்தேன். ஓட்டிக்கொண்டு போக மாமாவைக் கேட்டேன். விஷயத்தை மட்டும் மாமாவிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். அண்ணை தாங்கமாட்டார், ஒரு சொந்தம் விடாமல் கூப்பிட்டு அழுவார் என்பது அம்மாவின் பயம். அந்தச் சத்தியம்தான் என் கழுத்தைப் பிடித்தது.

காலை ஐந்து மணிக்கென்று சொல்லி ஆறரைக்குப் புறப்பட்டோம். மாமியின் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி கவிழாமல் இருக்க என் காலிரண்டையும் அணைவாகக் கொடுத்திருந்தேன். கியூபெக் நகரம் தாண்டியதும் மலைகள் தொடங்கின. தகரக் கூரை வீடுகள், வெள்ளிக் கோபுரம் வைத்த தேவாலயங்கள், சரிவில் மேயும் மாடுகள், ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் திடீரென்று கீழே விரியும் ஆறு. அம்மா முன் இருக்கையில் இருந்து தலையை இங்குமங்கும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நேரமும் பரவாயில்லை. படகு ஒரு மணிக்கு, அங்கே போக இன்னும் ஒரு மணித்தியால ஓட்டந்தான் இருந்தது. லா மல்பேயில் மாமா வானை ஊருக்குள்ளே திருப்பினார்.

அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் தமிழ்ப் பெடியன் ஒருவன் இருக்கிறானாம். ஊரில் இருந்து பெண்சாதி வந்து ஒரு வருடமாம். முதல்நாளே தொலைபேசி எடுத்து வருகிறோம் என்று சொல்லிவிட்டாராம். என் முகம் போன போக்கைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மாமா சொன்னார்:

"பத்து நிமிசம், பிள்ளை. தமிழ்ச் சனத்தின்ரை வாசலாலை போறம், எட்டிப் பாக்காமல் போனால் மனிசரோ?"

பத்து நிமிடம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்தது இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். கணவன் வேலைக்குப் போயிருந்தான். விடியமுன்னமே எழும்பிச் சமைத்திருந்தாள். தேங்காய்ப்பால் கிடைக்காத ஊரில் பசும்பாலில் சொதி வைத்திருந்தாள். எந்த ஊர், ஆருடைய மகள், தாயின் பக்கம் எது என்று மாமா தொடங்கி, அவளுடைய பெரியப்பாவும் தானும் ஒரே பள்ளிக்கூடம் என்று கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம். பிறகு சாப்பாடு. நாங்கள் கொண்டுபோன சட்டியும் இறங்கியது. பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு அவளுடைய கல்யாண வீடியோ. தாலிகட்டுப் பார்க்காமல் எழும்புவது அபசகுனம் என்றார் மாமி. நாதஸ்வரம் முழங்க, யாரென்றே தெரியாத ஐந்நூறு பேர் வரிசையில் வந்து அரிசி போட்டார்கள். எனக்கு அந்தத் தொலைக்காட்சியைத் தூக்கி ஆற்றில் போடலாம் போலிருந்தது.

குசினிக்குள் போனேன். அங்கே ஒரு சின்ன ஜன்னல். இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு ஆறு தெரிந்தது. அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். வெளிச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பவும் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் கதைத்தாள். சின்னச் சின்ன விஷயங்கள்தான். மெஷினில் போட்ட சேலை சுருங்கியது, பனியில் சறுக்கி விழுந்தது. அம்மா அவள் முகத்துக்கு மிக அருகே தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டேயிருந்தார். எனக்கு அம்மா மேலும் ஆத்திரம் வந்தது. யாருக்காக நான் இப்படித் துடிக்கிறேன் என்று வந்தது.

நாங்கள் வெளியே இறங்கும்போது மூன்று மணி. படகுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். மற்றப் படகுகளும் நிறைந்துவிட்டன என்றார்கள். மாமா வானைக் கிளப்பியபடி என்னைச் சமாதானப்படுத்தினார்.

"அடுத்த வருசம் வருவம். கடல் எங்கை ஓடப்போகுது?"

வாய் திறந்தேன். இந்த முறை பின் இருக்கைக்கு வந்து என் பக்கத்தில் இருந்த அம்மாவின் கை என் தொடையை அழுத்தியது. மொன்றியல் வரும்வரை உறை திறக்காத பைனாகுலர் என் மடியிலேயே கிடந்தது.

கடல் ஓடவில்லைத்தான். அடுத்த கோடைக்குள் அம்மாவுக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டுமே தெரிந்தது. அதற்கு மேல் மறைக்க முடியாமல் மாமாவுக்குச் சொன்னோம். அம்மா பயந்தபடி அவர் யாரையும் கூப்பிட்டு அழவில்லை. எங்கள் குசினியில் வந்து உட்கார்ந்து, போட்டுக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல், மேசை விரிப்பின் ஓரத்தை உருட்டி உருட்டி விரித்துக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. நான் நிப்பாட்டியிருப்பனோ?"

அவர் சொன்னது உண்மை. சொல்லியிருந்தால் ஒரு இடமும் நிற்காமல் பறந்திருப்பார். அவரைக் கோபிக்க எனக்கிருந்த ஒரே நியாயத்தையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து லொறித் தரிப்பிடத்திலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுக்கு எங்கெங்கோ சின்ன ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வந்தது. பாதிப் பேரை எங்களுக்கு யாரென்று தெரியாது. ஒருநாள் தங்கள் வீட்டுக்கு வந்தவர் என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள்.

அதற்கடுத்த கோடையில் நான் ஓட்டப் பழகி, சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி, தனியாகப் போனேன். எங்கும் நிற்கவில்லை. லா மல்பே திருப்பம் வந்தபோது மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு நேரே விட்டேன். படகு ஏறினேன். பைனாகுலரை உறையிலிருந்து எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் ஒரு கரிய முதுகு மெதுவாக எழும்பி, மூச்சு விட்டு, உள்ளே போனது. கரைக்கு வந்ததும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து ஒன்று விடாமல் சொன்னேன். நிறம், நீளம், மூச்சின் சத்தம், எல்லாம். அம்மா பொறுமையாகக் கேட்டார். வடிவாக இருந்ததா என்று கேட்டார். பிறகு இன்னொன்றும் கேட்டார்.

"வழியிலை அந்தப் பிள்ளையிட்டைப் போனனியோ?"

இல்லை என்றேன். நேரமில்லை என்றேன்.

"அவளுக்குப் பிறகு நான் ஒரு புது முகமும் காணேல்லை, பிள்ளை. அதுதான் கேட்டனான்."

திரும்பும் வழியில் போனேன். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பிரெஞ்சுப் பெயர் ஒட்டியிருந்தது. கீழ்வீட்டு அம்மாள் வெளியே வந்து, அவர்கள் போய் ஒரு வருடமாகிறது, எங்கே என்று தெரியாது என்றார். நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து பைனாகுலரைக் கைக்கு எட்டிய ஆணியில் மாட்டினேன். பிறகு எடுத்து வைக்கலாம் என்றுதான் மாட்டினேன். ஆனால் அம்மா அறையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வரும்போது அந்த வார் கையில் பட்டால்தான் குசினிக்குத் திரும்புகிறார். ஒருமுறை தூசி துடைக்கக் கழற்றினேன். அம்மா மூலையைத் தாண்டிப் போய்க் கதவில் இடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அதைத் தொடுவதில்லை.