மனுவில் முதல் கையெழுத்து

எங்கள் வீட்டுக் கழிவுநீர் போய்ச் சேரும் உறிஞ்சுகுழியைப் போன வருடம் நானே மூடி, அதன் மேல் கார் நிறுத்திக்கொண்டேன். குழாயைச் சரிவுப் பக்கம் திருப்பிவிட்டேன். ஊரில் யாருக்கும் தெரியாது.

இன்று காலை நாகலூர் பஸ்ஸில், எங்களுக்குக் கீழே மலைச்சரிவில் குடியிருக்கும் மேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு மனு.

“ஏனுங்கண்ணா, எங்க ஊத்துத் தண்ணி நொம்ப நாறுதுங்க. சோப்பு நுரையா வருது. குடிக்கற தண்ணிக்கு ரெண்டு மேடு ஏறி எறங்கறேன். எல்லாம் அந்த ரிசார்ட்டுக்காரன் வேலைதானுங்க.”

ரிசார்ட் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். ஊற்றுக்கு மேலே இருப்பது என் குழாய் மட்டும்தான்.

“அவனைச் சும்மா விடக்கூடாதுங்க” என்றேன். என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

“அப்ப நீங்கதான் மொதக் கையெழுத்துப் போடோணும். ஒழுங்காக் குழி எடுத்தது நீங்க ஒருத்தர்தானுங்களே.”

போட்டேன். தேதியுடன்.

இறங்கும்போது, “உங்களாட்டம் நாலு பேரு இருந்தாப் போதுங்க” என்று நாலு பேரிக்காய் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

நேரில் போய் உண்மையைச் சொல்வதா, சத்தமில்லாமல் குழியைத் திறந்துவிடுவதா? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

இதை எழுதும்போது உள்ளே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.