மென்பொருள் பிடித்துக் கொடுத்த களவு

போன வருடம் மாரி மழை தொடங்குவதற்குச் சற்று முன், திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கமாக உள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் இது நடந்தது. நான் கல்விக் கந்தோரில் பரீட்சை வேலைகளோடு மாரடித்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்தால் மனைவிக்குத்தான் தொல்லை என்பதால், அந்த நிறுவனத்தின் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவுக்கு மாணவர்கள் எழுதித் தரும் ஒப்படைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

எல்லாம் இணையத்தில்தான். மாணவர் தன் ஒப்படையைத் தளத்தில் ஏற்றுவார். முதலில் அதை ஒரு மென்பொருள் பார்க்கும். எங்கிருந்தாவது பார்த்து எழுதியதா என்று சோதித்து, ஆலோசனையும் தானே எழுதிவிடும். மனிதனுடைய முறை அதற்குப் பிறகுதான்.

ஒருநாள், மூதூரில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணின் ஒப்படை சிவப்பு நிறத்தில் வந்து நின்றது. மோசடி, மென்பொருளை ஏமாற்றுவதற்காக எழுத்துகள் மறைத்து மாற்றப்பட்டுள்ளன என்பது தீர்ப்பு. கூடவே ஓர் அறிவுரை: வசனங்களில் பொருள் இல்லை, ஆங்கில இலக்கணத்தைத் திருத்திக்கொள்ளவும். ஒப்படை முழுவதும் தமிழில் இருந்தது!

பூச்சியம் ஏற்கெனவே போட்டாயிற்று. மோசடி உறுதியானால் டிப்ளோமாவிலிருந்து நீக்கம். டிப்ளோமா இல்லாதவரை அடுத்த வருடம் வைத்திருக்க மாட்டோம் என்று அவருடைய முன்பள்ளி சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் ஒப்படையைத் திறந்து வாசித்தேன். கடல் கொந்தளித்து வள்ளங்கள் போகாத நாட்களில் தன் வகுப்புப் பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். கடலுக்குப் போகாமல் வீட்டில் தூங்கும் வாப்பாவாக ஒரு பிள்ளை படுத்துக்கொள்ளுமாம். மற்றவர்கள் அவரை எழுப்பிவிடாமல் கிசுகிசுத்தே சமைத்து விளையாடுவார்களாம். இதை எந்தப் புத்தகத்திலிருந்து களவெடுப்பது?

நடந்தது இவ்வளவுதான். தட்டச்சு செய்துகொடுத்த கடையில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கலியாண அழைப்பிதழிலிருந்து மரண அறிவித்தல் வரை இன்னும் பல கடைகளில் அதில்தான் அடிக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். மென்பொருளுக்குக் கண் இல்லை, அது வயிற்றைத்தான் பார்க்கிறது.

இதை நிறுவனத்தின் இணைப்பாளரிடம் போய் விளக்கினேன். கெட்டிக்கார இளைஞர்.

"சேர், அது உங்கட விளக்கம். சொப்ட்வெயார் அப்பிடிச் சொல்லேல்லையே. சிவப்பு விழுந்தா ஒண்டும் செய்ய ஏலாது."

"தம்பி, ஒப்படையை வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"வாசிக்கிறதுக்குத்தானே சேர் சொப்ட்வெயார் வாங்கினது?"

மாணவரை நேரில் விசாரிக்காமல் மோசடித் தீர்ப்பு வழங்கக் கூடாது என்று அந்த நிறுவனத்தின் விதிகளிலேயே இருந்தது. எழுதியவர்கள் அவர்கள்தான். வாசித்தவன் நான் மட்டும்தான் போலும். விதியைக் காட்டி, விசாரணை வைக்கச் சொன்னேன்.

அந்தப் பெண் மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்து, கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எழுத்தை மாத்தினீங்களா?" என்று இணைப்பாளர் கேட்டார்.

"எந்த எழுத்த சேர்?"

"மறைச்சு மாத்தின எழுத்து."

"அல்லாவே! நான் கையால எழுதிக் குடுத்தன். கடையில அடிச்சுத் தந்தாங்க. அதுல மறைக்க என்ன சேர் இருக்கு?"

"அப்ப மோசடி செய்தது கடைக்காரரோ?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, பார்த்து எழுதக் கூடாதெண்டு மாணவருக்குக் குடுக்கிற உங்கட தமிழ்ச் சுற்றறிக்கை இருக்கல்லோ? அதை ஒருக்கா இந்த மென்பொருளுக்குள்ள போடுங்கோ" என்றேன். எனக்கு விசர் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே போட்டார். அதுவும் பாமினியில் அடித்ததுதான்.

திரை சிவந்தது. மோசடி. எழுத்துகள் மறைத்து மாற்றப்பட்டுள்ளன. ஆங்கில இலக்கணத்தைத் திருத்திக்கொள்ளவும்.

"இப்ப ஆரை நீக்கப் போறீங்கள்?"

அவர் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். பூச்சியம் அழிந்தது. ஏலாது என்ற காரியம் இரண்டு தட்டலில் முடிந்தது. "இனி யூனிகோடில அடிச்சுத் தாங்கோ" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் எந்த எழுத்துருவிலும் வரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். இதற்கு முன்பும் இப்படிச் சிவப்பு விழுந்ததா என்று கேட்டேன்.

"ஓம் சேர், போன பிரிவிலயும் சில பேருக்கு. இலங்கைத்துறையிலயிருந்து வந்த பிள்ளை ஒண்டும். ஒருத்தரும் வந்து கதைக்கேல்லை, படிப்பை விட்டிட்டினம். மேன்முறையீட்டுக் காலமும் முடிஞ்சுது."

வந்து கதைக்காததே குற்றத்துக்குச் சாட்சி என்பதுபோல அவர் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! அவர்களுக்காக நான் எழுதிய மேன்முறையீடு இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சொல்லை வைத்தே வாழ்ந்த கந்தோர்க்காரன் நான்.

படியிறங்கும்போது அந்தப் பெண் என்னை நிறுத்தினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சேர், நான் எழுதினத ஆராச்சும் வாசிச்சீங்களா?"

"நான் வாசிச்சனான் பிள்ளை."

"எப்பிடி இருந்திச்சு?"

நன்றாக இருந்தது, ஆனால் கடைசிப் பந்தியில் அவசரப்பட்டு முடித்துவிட்டீர்கள் என்றேன். "குடுத்த பக்கம் காணல்ல சேர், எழுத இன்னும் இருந்திச்சு" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

பூச்சியத்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போனவர்களும் எதையோ எழுதித்தான் இருப்பார்கள். அது எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு மனிதன்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், ஆறாத என் கோபம் ஆறாமலே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.