நாற்காலிக்குச் சரி, பாய்க்குப் பிழை

அந்தப் பிரம்பு நாற்காலியின் முதுகில் சிவப்பு நூலால் ரோஜாப்பூ பின்னிய வெள்ளைத் துணி ஒன்று போர்த்தியிருக்கும். வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் இரண்டு கைப்பிடிகளும் கடையில் இருந்த மாதிரியே மின்னும். மின்னாமல் என்ன செய்யும்? அந்த வீட்டு ஆட்கள் யாரும் அதில் உட்கார்ந்ததே இல்லை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில், வாசல் கதவை ஒட்டிய சுவரோரம் அது கிடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், டீவிக்கு ஸ்பீக்கர் பூட்டப் போன என்னைப் போன்றவன் வந்தாலும், அதில்தான் உட்கார வேண்டும். "நிக்காதீங்க தம்பி, உக்காருங்க" என்று ஒரு குரல் வரும். உட்கார்ந்த மறு நிமிஷம் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி கைக்கு வந்துவிடும். அந்த நாற்காலியில் சொகுசாக உட்கார்ந்துதான் என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன்.

அப்போது பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட சின்னதாகக் கடை போட்டிருந்தேன். ஹோம் தியேட்டர் பூட்டுவதில் ஊவா மாகாணத்திலேயே நம்மை விட்டால் ஆள் இல்லை என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டிருந்த காலம். அந்த வீட்டுக்காரரைத் தோட்டமே பஜனை அக்கா என்றுதான் கூப்பிடும். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷின்களுக்கு நடுவே பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் கத்தாரில். மார்கழி விடியலில் லயம் லயமாகப் பாடிக்கொண்டு போகும் பஜனைக்கு ஜால்ரா தட்டித் தாளம் கொடுப்பவர் அவர்தான். அந்த ஜால்ராவை அவர் வைத்திருந்தது சாமி படத்துக்குப் பக்கத்தில். வேறு எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பார், தாளத்தில் மட்டும் குறை சொல்லிவிடக் கூடாது.

மகன் ஊருக்கு வந்திருந்தபோது வாங்கிப் போட்ட செட் அது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் ஒரு பெரிய பெட்டி. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியிருந்ததால் இடம் நீளமாக இருந்தது. இந்த மாதிரி செட்டில் ஒரு வேலை முக்கியம். கேட்கிறவரிடமிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம் என்று அளந்து மெஷினுக்குச் சொல்ல வேண்டும். கிட்ட இருக்கும் ஸ்பீக்கரின் சத்தத்தை மெஷின் ஒரு துளி நேரம் பிடித்து வைத்து, பிறகு விடும். அப்போதுதான் தூரத்துச் சத்தமும் கிட்டத்துச் சத்தமும் சேர்ந்து காதுக்கு வரும். நான் அளவு நாடாவின் ஒரு முனையை நாற்காலியில் பிடித்துக்கொண்டு அளந்தேன். முன் ஸ்பீக்கர்கள் பதினாறு அடி, பின் ஸ்பீக்கர்கள் மூன்று அடி. எண்களைப் போட்டுவிட்டு, போன வருஷத்துப் பஜனையை மகன் பதிவு செய்து கொடுத்திருந்ததை ஓட விட்டேன். கோயில் வாசலிலேயே நிற்பது போல இருந்தது. எனக்கே மெய் சிலிர்த்துவிட்டது.

டீவிக்கு முன்னால் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, ஜால்ரா ரெண்டா விழுதே."

"இல்லைங்கக்கா, நல்லாத்தான் இருக்கு."

"இது என் கை இல்ல தம்பி. நான் ஒருக்கா தட்டுனா ஒருக்காத்தான் கேக்கும். இதுல பின்னாலயே இன்னொருத்தி தட்டுறா."

வயரை இழுத்துப் பார்த்தேன், மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்து கேட்டேன். ஒரு குறையும் இல்லை. பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இரண்டு வாரத்தில் மறுபடி ஆள் அனுப்பினார். போனேன், நாற்காலி, தேத்தண்ணி, அதே பஜனை, அதே புகார். பின் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிப் புதியவை மாட்டினேன். நாற்காலியில் இருந்து கேட்டால் தேன். பாயில் இருந்தவர் தலையை ஆட்டினார். அன்றைக்கு மகன் போனில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்: "அம்மாவுக்கு ரோலர் சத்தத்துல காது போயிருச்சுண்ணே. என்னத்தையாவது சொல்லிச் சமாளிங்க." எனக்கு அது போதுமாக இருந்தது. பிழை என் மேல் இல்லை என்று யார் சொன்னாலும் அப்போது நம்பியிருப்பேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பசறையில் பஸ்சுக்கு நின்றபோது அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவர் வந்தார். அக்கா வீட்டு செட் எப்படி என்று கேட்டார். "செட்டு பிரமாதங்க தலைவரே. அக்கா காதுதான் மக்கர் பண்ணுது, ஜால்ரா ரெண்டா கேக்குதாம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாளம் போடுகிறவருக்கே தாளம் இரண்டாகக் கேட்டால் பஜனை என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். பேச்சு எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மார்கழிக்கு ஜால்ராவை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்று கோயில் கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். வெட்டியாகச் சிரித்த ஒரு சிரிப்பு ஒருவருடைய கையில் இருந்ததைப் பிடுங்கப் போகிறது என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தது மூன்றாம் முறை போனபோதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளே நுழைந்தால் நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிடப் பெரிய விருந்தாளி வந்திருந்தால் நான் எங்கே உட்காருவது? அக்கா பாயைத் தட்டிப் போட்டார். "நீங்க இங்கிட்டு உக்காருங்க தம்பி" என்றார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. கண் சிவந்திருந்தது. தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்காவுக்கும் வயசாகுதுல்ல. இனி கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்னு கமிட்டி நெனைக்குது."

"வயசுன்னு சொல்லாதீங்க. காதுன்னு சொல்லுங்க" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பாட்டப் போடுங்க. தலைவரும் கேக்கட்டும்."

போட்டேன். ஜால்ரா விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று விழுந்தது. ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு, இரண்டு பேர் ஒத்துவராமல் தட்டுவது போல. அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் இருந்த தலைவர் "நல்லாத்தானே இருக்கு" என்றார், இரண்டு தடவையும் நான் சொன்ன அதே குரலில். எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. விருந்தாளிகள் மட்டும் உட்காரும் இடத்துக்காக ஒரு வீட்டின் மொத்தச் சத்தத்தையும் பூட்டிவைத்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரி தினமும் உட்காரும் இடத்தில் ஒரு நிமிஷம் குந்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"தலைவரே, அக்கா காதுல ஒண்ணும் இல்ல. பிழை என்னோடது" என்று சொல்லிவிட்டு நாடாவை எடுத்தேன். பாயிலிருந்து முன்னால் ஐந்து அடி, பின்னால் பதினான்கு. அவசரத்தில் ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டேன். பஜனை திரும்ப ஓடியது. ஜால்ரா ஒன்றாக விழுந்தது. வெட்டுக் கத்தியால் நறுக்கியது போல ஒரே ஒரு சத்தம். அக்கா கண்ணை மூடினார். வலது கை தானாக எழுந்து தொடையில் தட்டியது. "இது என் கை" என்றார். அந்த மூன்று சொல்லில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெந்த வீட்டிலும் சம்பாதித்ததில்லை.

அப்போது நாற்காலியில் இருந்து அலறல் வந்தது. "என்னப்பா பண்ணுன? இப்ப எனக்கு ரெண்டு ரெண்டா விழுது!"

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தலைவரே, ஒங்க காதும் போயிருச்சா?"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைவர் வேட்டியை மடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு இறங்கி, எங்களோடு பாயில் உட்கார்ந்தார். கேட்டார். மறுபடி போடச் சொன்னார். நல்ல மனுஷன், தப்பை ஒத்துக்கொள்ள வார்த்தை தேடவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "மார்கழி மொத நாளு எத்தன மணிக்குக் கெளம்புறோம் அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மார்கழி முதல் நாள் நானும் போனேன். போகாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. பனி மூடிய விடியலில் மேல் லயத்திலிருந்து பஜனை கிளம்பியது. தாளம் போடுகிறவர் முன்னால் போவார் என்று நினைத்தேன். விளக்கு பிடித்தவர்கள் முன்னால் போனார்கள், அக்கா கூட்டத்துக்கு நடுவில் நடந்தார். ஏன் என்று கேட்டேன். "முன்னால போனா கூட்டத்து வாலுக்குச் சத்தம் பிந்திப் போவும் தம்பி. அவங்க இழுத்துப் பாடுவாங்க. நடுவுல நின்னாத்தான் ரெண்டு பக்கமும் சேந்து வரும்" என்றார், அடுப்பு ஊதுவதைப் பற்றிச் சொல்வது போல சாதாரணமாக. நான் மெஷினைப் பார்த்துப் படித்ததை அவர் அந்த மலைப்பாதையில் வருஷக்கணக்காகக் காலால் அளந்து வைத்திருந்தார். அவருடைய காதைத்தான் நான் சந்தேகப்பட்டேன்!

இப்போது கடை பெரிதாகிவிட்டது, வேலைக்கு ஆட்களும் இருக்கிறார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், "நீங்க எங்க உக்காந்து பாப்பீங்க?" என்று கேட்கும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவின் மகன் கத்தாரிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், அம்மாவின் காதைப் பற்றிப் பேசியதற்கு அவர் இன்னும் ஏசுவதாகச் சொல்லிச் சிரிக்கிறான். போன மார்கழியிலும் பசறைக்குப் போய்விட்டு வந்தேன். அக்காவின் தலை முழுக்க நரைத்துவிட்டது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. தலைவர் அவருக்குப் பக்கத்திலேயே டார்ச் அடித்துக்கொண்டு நடந்தார். கூட்டத்துக்கு நடுவில், அக்காவின் அந்தக் கையில்தான் ஜால்ரா இருந்தது. மேல் லயமும் கீழ் லயமும் ஒரே அடியில் பாடின.