மேஜை இருந்த இடம்

என் அக்காவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஆமாம் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பெயர் வந்த கதை இதுதான். சாலையோரத்தில் இருக்கும் அந்தப் பழைய விடுதிக்கு அக்கா மருமகளாகப் போன முதல் வாரமே அவள் புருஷன், அதாவது என் மாமா, ஒரு சட்டம் போட்டுவிட்டார். தங்க வந்தவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பேச்சுப் பேசக் கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் வந்தவன் எந்த நம்பிக்கையில் அங்கே படுத்துத் தூங்குவான்? சண்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போடலாம். சட்டம் இருவருக்கும் பொது. ஆனால் வாய் ஓயாமல் பேசுகிறவர் மாமா. அதனால் ஆமாம் சொல்கிற வேலை முழுக்க அக்காவின் தலையில் விழுந்தது. "அந்தக் காலத்துல குதிரை வண்டி இந்த வளைவு வழியா நேரா உள்ளயே வரும்" என்பார் மாமா. "ஆமாங்க" என்பாள் அக்கா. "இந்தக் கட்டில்ல ஒரு ராஜா படுத்திருக்காரு" என்பார். அந்தக் கட்டிலை மாமா பழைய சாமான் கடையிலிருந்து கொண்டுவந்தபோது ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியவளே அக்காதான். அதற்கும் "ஆமாங்க".

நான் தையல்காரி. விடுதியின் திரைச்சீலை, மெத்தை உறை, தலையணை உறை எல்லாம் என் மிஷினில் தைத்தவை. அளவெடுக்கப் போவதும், தைத்ததைக் கொடுக்கப் போவதுமாக அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா ரிப்பேர் பார்க்கும் விதமே தனி. எது கெட்டாலும் அதை மறைத்து ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். சுவர் ஓதம் காத்தால் அங்கே ஓர் அலமாரி வரும். படிக்கட்டில் ஒரு கல் ஆடினால் அதன் மேல் பூந்தொட்டி வரும். "கொத்தனாரைக் கூப்பிடலாமே மாமா" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "கொத்தனார் வந்தா விடுதியை மூடணும். மூடினா வர்றவன் அடுத்த ஊருக்குப் போயிடுவான். போனவன் திரும்பி வருவானா?" என்று என் மேல் பாய்ந்தார். அந்த அடுப்படியில் அடுப்பு ஒரு நாள்கூட அணைந்ததில்லை என்பது அவருக்குப் பெருமை. அக்காவின் கைகளைப் பார்த்தாலே அது தெரியும்.

வயதான பிறகு மாமாவுக்கு முழங்கால் போயிற்று. படியேறினால் மூச்சு வாங்கியது. கடலோர நகரத்தில் இருக்கும் மகள், இவர்களுக்கென்று ஓர் அறையை ஒழித்து, ஜன்னலுக்குத் திரையும் போட்டுவிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று நச்சரிக்கத் தொடங்கினாள். விற்றுவிடலாம் என்று மாமா ஒருவழியாக இறங்கி வந்தார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அவளுடைய ஆசை ரொம்பச் சின்னது.

"வேற யாராவது சமைச்சு, நான் உக்காந்து சாப்பிடணும்டி. சூடா. நடுவுல யாரும் கூப்பிடக் கூடாது."

விற்பனைக்கு ஒரு புரோக்கர் வந்தார். பேச்சில் சர்க்கரை கொட்டும். "பூட்டின கட்டடமா காட்டினா கல்லுக்கும் மரத்துக்கும்தான் விலை கிடைக்கும். நடக்கிற தொழிலா காட்டணும். அவங்க வர்றப்போ அடுப்பு எரியணும், ரூம்ல ஆள் இருக்கணும், மணி அடிச்சா யாராவது ஓடணும். வந்திருக்கிற புக்கிங்கையும் சேத்தே கை மாத்தி விட்ருவோம்" என்றார். இருந்த புக்கிங்கில் பெரியது ஒன்றுதான். ஓய்வுபெற்ற தபால்காரர்கள் வருஷாவருஷம் கூடிச் சாப்பிடும் விருந்து. வழக்கமாகக் கீழே, முற்றத்தில் நடக்கும். இந்த முறை மழைக்காலமாகிவிட்டதால் மாடிக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்ல, மாமாவும் தலையாட்டிவிட்டார். விடுதி கைமாறப்போகும் நாளுக்கு அடுத்த வாரம் விருந்து.

வாங்க விரும்பியவர்கள் ஒரு கணவன் மனைவி. அவர் ஏதோ ஆபீஸில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். அந்தம்மா ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். அவர்கள் அனுப்பிய இன்ஜினியர் முதலிலேயே வந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மாடிக் கூடத்தின் நடுவே கிடந்த பெரிய மேஜையில் காகிதங்களைப் பரப்பி, அக்கா கொடுத்த காபியை இரண்டு தரம் வாங்கிக் குடித்து, எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்.

அவர்கள் நேரில் வரும் நாளன்று காலையில் நானும் அக்காவும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். புதுத் திரைகளை மாட்ட மாடிக்கு ஏறினேன். அக்காவும் பின்னாலேயே வந்தாள். கூடத்து வாசலில் நின்றவள் என் கையைப் பிடித்தாள்.

மேஜையைக் காணோம்.

"ஐயோ, எடுத்துட்டாரா" என்றாள் அக்கா.

"எடுத்தா என்ன? கூடம் இப்பத்தான் பெருசா தெரியுது."

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்புக்கு நேர் மேலே, கரி பிடித்த பலகைகளைக் காட்டினாள். எத்தனையோ வருஷத்து ஆவி ஏறி ஏறி, பலகைக்குப் பின்னால் இருக்கும் உத்தரம் நடுவில் உளுத்துவிட்டதாம். ரொம்ப நாள் முன்பு மேலே யாரோ குதித்தபோது கீழே கொதிக்கிற பாத்திரத்தில் மரத்தூள் கொட்டியிருக்கிறது. அதற்கு மாமா செய்த வைத்தியம்தான் அந்த மேஜை. அதன் நான்கு கால்களும் இரண்டு பக்கத்து நல்ல உத்தரங்களின் மேல் நிற்கும். நடுவில் யாரும் கால் வைக்க முடியாது. நானும் இத்தனை காலம் அந்த மேஜையைச் சுற்றித்தான் நடந்திருக்கிறேன், ஏன் என்று தெரியாமலே.

"அந்த தபால்காரங்க எல்லாரும் அங்கதானே உக்காந்து சாப்பிடப் போறாங்க! மாமாகிட்ட சொன்னியா?"

"போன வாரமே அழுது பாத்துட்டேன். இன்ஜினியரே ஒண்ணும் சொல்லலை, நீ என்ன பெரிய இன்ஜினியரான்னு கேக்கறாரு. சொன்னா இதை யாரு வாங்குவா, இந்தப் படியிலயே ஏறி இறங்கிச் சாகணுமாங்கறாரு."

"நீ சொல்றியா, நான் போய்ப் போட்டு உடைக்கட்டுமா?"

"நீ வாயைத் திறக்காதே. தங்கச்சிக்காரி வந்து கலைச்சுட்டான்னு ஆயிடும். சொல்றதா இருந்தா நான்தான் சொல்லணும்." சொல்லும்போதே அவள் குரல் உள்ளே போய்விட்டது. எங்கே சொல்லப்போகிறாள், ஆமாம் தவிர வேறு வார்த்தை வருமா இவளுக்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர்கள் வந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மாமா சலவைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். குதிரை வண்டிக் கதை ஆயிற்று, "ஆமாங்க". ராஜா கட்டில் ஆயிற்று, "ஆமாங்க". அந்தக் கணவருக்கு வாயெல்லாம் பல். இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார் போலிருந்தது. புரோக்கர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

கடைசியாக மாடிக் கூடம். மாமா, ஜன்னலிலிருந்து பார்த்தால் சாலை வளைவு வரை தெரியும் என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். அவருக்குப் பின்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் அறை கூட்டுகிற அம்மா, கையில் திரையோடு நான். எங்களைப் பார்த்து அந்தக் கணவரும் புரோக்கரும் பின்னாலேயே வந்தார்கள். எல்லோரும் ஜன்னல் பக்கம் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன், நர்ஸம்மா இன்னும் வாசலிலேயே நின்று எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, வெறுந்தரையில எல்லாரும் எதையோ சுத்திக்கிட்டு போறீங்க?" என்றார்.

மேஜை இல்லாத இடத்தில் நாங்கள் அத்தனை பேரும் மேஜையைச் சுற்றியே நடந்திருக்கிறோம்! மாமா எடுத்துப் போட்டது மேஜையைத்தான். கால்களுக்கு யார் சொல்வது?

மாமா சிரித்தார். "பழக்கம்மா. அங்க ஒரு மேஜை கிடந்துது. கூடம் விசாலமா தெரியட்டுமேன்னு காலையிலதான் எடுத்தோம்."

"நடக்கறவங்களைப் பாக்கறதுதான் என் வேலை. அதான் கேட்டேன். தரை நல்லாத்தானே இருக்கு?"

"பாறை மாதிரி இருக்கும்மா. வேணும்னா எங்க வீட்டம்மாவையே கேளுங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள். நர்ஸம்மா, "சரி, சரி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, ஜன்னலை நோக்கி நேராக நடக்கக் காலைத் தூக்கினார்.

"இல்லை!" என்றாள் அக்கா.

அது அவள் குரல் மாதிரியே இல்லை. நர்ஸம்மா தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். "இல்லைங்க. அங்க கால் வைக்காதீங்க. அடியில உத்தரம் உளுத்துப்போச்சு. அடுப்புக்கு நேர் மேல. மேஜையை அதுக்குத்தான் போட்டிருந்தோம்" என்றாள் அக்கா.

மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் போய்விட்டது. "வீட்டை விட்டுப் போக மனசில்லைம்மா அவளுக்கு. அதான் வாய்க்கு வந்ததைச் சொல்றா" என்றார். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் நேராக நடந்து, கூடத்தின் நடுவில் போய் நின்றார். பெரிய உடம்பு. பலகை நீளமாக ஒரு முனகல் விட்டது. அவர் நின்ற இடம் கண்ணெதிரே தழைந்தது, தழைந்து, நின்றது.

"பாத்தீங்களா? பாறை" என்றார் மாமா. அவர் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் காதோரம் ஓடியது.

அவர்கள் ரொம்ப மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நர்ஸம்மா மட்டும் போகும்போது அக்காவின் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றார். புரோக்கர் அதன் பிறகு போன் எடுப்பதில்லை. தபால்காரர்களுக்கு அக்காவே போன் செய்து, கூடம் இல்லை, வேறு இடம் பாருங்கள் என்று சொன்னாள். மகள் ஒழித்து வைத்த அறையில் இப்போது பேரப்பிள்ளைகள் படிக்கிறார்களாம்.

இரண்டு மாதம் கழித்து, தைத்த உறைகளோடு போயிருந்தேன். விடுதியில் ஆள் அதிகம் இல்லை. அக்கா வழக்கம்போல அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் பலகை முனகியது.

"யாருக்கா மேல?"

"அவருதான். தினமும் இந்த நேரத்துக்கு அந்த எடத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துடறாரு. நான் சொன்னது பொய்யின்னு காட்டணுமாம். அன்னையிலேர்ந்து பேச்சும் கிடையாது. இது ஒண்ணுதான் கேப்பாரு."

"அடிப்பாவி, அவர் விழுந்தா உன் தலை மேலதானே விழுவாரு! தள்ளி நின்னாவது சமைக்கக் கூடாதா?"

"அடுப்பு இங்கதானே இருக்கு" என்றாள்.

"கிளம்பு என்கூட. இப்பவே. நான் சமைச்சுப் போடறேன், நீ உக்காந்து சாப்பிடு."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது என்று முகத்தில் தெரிந்தது. "நான் போயிட்டா அவருக்கு யாரு சொல்லுவா?" என்றாள்.

அதற்குள் மேலே குதிகாலால் தரையை இரண்டு தரம் தட்டும் சத்தம் கேட்டது. மாமாவின் குரல் பலகை வழியாக இறங்கி வந்தது.

"என்ன, நல்லாத்தானே இருக்கு?"

கொதிக்கிற பாத்திரத்தைச் சுற்றி மரத்தூள் மெல்ல உதிர்ந்தது. அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"இல்லைங்க" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, பாத்திரத்தின் மேல் தட்டை எடுத்து மூடினாள்.