துருக் குறுணி கழுவிய நாள்

மனுசருக்கே மா, சீனி தட்டுப்பாடான காலத்தில் கண்ணாடித் தொட்டி மீனுக்குப் பணிவிடை செய்தால் ஊர்வாய் சும்மா இருக்குமா? ஞானமணியின் காதுபடவே கதைத்தார்கள். கதைக்கட்டும். திருகோணமலைக் கடலில் சுழியோடி அழகுமீன் பிடித்து விற்ற அவள் புருஷன் சோமசேகரம், வீட்டுக்கென்று வைத்துக்கொண்டது அந்தச் செம்மஞ்சள் சோடியை மட்டும்தான். விசாரணை என்று சொல்லி அவனைப் பிடித்து வாகனத்தில் ஏற்றியபோது, "தொட்டியைப் பார்த்துக்கொள்ளும்" என்றான். போன ஆடியில் போனவன் இன்னும் வரவில்லை. அவன் வரும்வரை மீன் உயிரோடு இருக்கவேண்டும். அவளுக்கு விரதம், வைராக்கியம் எல்லாம் அதுதான்.

தொட்டியில் பாசி பிடித்தது. மீன்கழிவில் சேர்ந்து பாசிக்கு உரமாகும் பொசுபேற்று உப்பை உறிஞ்ச, வடிகட்டிக்குள் துருநிறக் குறுணி ஒரு பை கிடக்கும். அது நிறைந்துபோனால் பாசிக்குக் கொண்டாட்டம். புதிது கொழும்பிலிருந்து வரவேண்டும். அரிசியே வராத றோட்டில் குறுணியா வரும்? சோமசேகரம் பழையதைக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டு, காரம் போகக் கழுவித் திரும்பப் பாவிப்பான். பக்கத்துவீட்டு ஸாலிஹா சவர்க்காரம் காய்ச்சுகிறவள். கொஞ்சம் சோடா தந்தாள்.

"நல்லாக் கழுவுங்க அக்கா. கையில வழுக்கினாக் காரம் போகல்ல, தொட்டிக்குள்ள போட்டுராதீங்க."

ஊறிய குறுணியை ஞானமணி கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளிக் கழுவினாள். விரல் இன்னும் வழுக்கியது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அலறியது. சுற்றிவளைப்பு, எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டும். போனால் எப்போது விடுவார்களோ, விடமாட்டார்களோ! வெறும் வடிகட்டியோடு மீனை விட்டுப்போக மனம் கேட்கவில்லை. இவ்வளவு கழுவினது காணும் என்று பையை உள்ளே திணித்துவிட்டு ஓடினாள். அடி பாவி, பாசியோடேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிராது!

பொழுதுபட வந்து பார்த்தால் இரண்டும் மல்லாந்து மிதந்தன. அவள் குழறி அழுத சத்தத்துக்கு ஸாலிஹா ஓடிவந்தாள். தொட்டித் தண்ணீரைக் கோப்பையில் மொண்டு மஞ்சள்தூள் போட்டாள். காரம் இருந்தால் மஞ்சள் சிவக்கும். வீடு வருகிறவர்களுக்குச் சுற்றுகிற ஆலாத்தித் தண்ணீர்போலச் சிவந்தது.

"என்ர கையாலயே சாக்காட்டிப்போட்டன்," ஞானமணி தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

மற்ற நாளென்றால் ஸாலிஹா முந்திக்கொண்டு, "அண்ணன் வருவார் அக்கா" என்பாள். அன்று மீன்களை எடுக்கத் துணி தேடினாள்.

"ஸாலிஹா, சொல்லன். வருவாரெண்டு சொல்லன்."

துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஸாலிஹா அழுதாள்.